ஸ்டார் லேபிளைப் படித்து வாங்குவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு

ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு இணைப்புக்கு முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் சேர்ந்தே போய்விடும். 520 யூனிட் ஓடும் வீட்டில் 30 யூனிட் குறைப்பதும், 300 யூனிட் ஓடும் வீட்டில் அதே 30 யூனிட் குறைப்பதும் ரூபாய்க் கணக்கில் ஒன்றில்லை.

அதனால் புது சாதனம் வாங்கக் கடைக்குப் போகும் முன் வெள்ளை அட்டையில் கடைசி ஆறு ரீடிங்கைப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் இணைப்பு எண்ணைப் போட்டு இணையத்தில் பார்க்கலாம். எந்த இரண்டு மாதத்தில் ஏறுகிறது? ஏப்ரல், மே ரீடிங்கில் ஏறினால் ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் பக்கம் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஏறினால் கீசர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இந்த இரண்டாவது வகை வீடுகள் நிறைய. வருடம் முழுக்க ஒரே அளவில் அதிகமாக இருந்தால் போர்வெல் மோட்டாரையோ பழைய ஃபிரிட்ஜையோ சந்தேகப்படலாம்.

மீட்டரை வைத்தே அளப்பது

வாட் மீட்டர் வாங்காமலே ஒரு சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க முடியும். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று பொருள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டர் யுபிஎஸ் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அதையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், இதை மறப்பதால்தான் பெரும்பாலும் கணக்கு தப்புகிறது. இப்போது விளக்கு சிமிட்டவே கூடாது. சிமிட்டினால் ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. பிறகு ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் போட்டு, ஒரு சிமிட்டலில் தொடங்கி அடுத்த 10 சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் நேரம் பாருங்கள்.

வாட் = சிமிட்டல் எண்ணிக்கை × 36,00,000 ÷ (மீட்டரில் உள்ள எண் × விநாடி).

3200 மீட்டரில் 10 சிமிட்டலுக்கு 150 விநாடி ஆனால் அந்த ஃபேன் 75 வாட். 375 விநாடி ஆனால் 30 வாட். லேபிளில் 30 வாட் என்று போட்டுவிட்டு 45 வாட் இழுக்கும் மலிவு ஃபேனை வீட்டிலேயே பிடித்துவிடலாம். ஃபிரிட்ஜுக்கு இந்த வழி ஒத்துவராது. கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதால் 24 மணி நேரம் அளக்க வேண்டும். அதற்குப் பிளக்கில் மாட்டும் சின்ன எனர்ஜி மீட்டர்தான் வசதி.

லேபிளில் எதைப் பார்ப்பது

2001-ம் ஆண்டு எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய அரசின் பிஇஇ (எரிசக்தித் திறன் பணியகம்), 2006-ல் ஸ்டார் லேபிளைக் கொண்டுவந்தது. மின்சாரச் சிக்கனத்துக்கு 1 முதல் 5 வரை ஸ்டார் போடும் லேபிள் இது. ஃபிரிட்ஜ், ஏசி, டிவி, சேமிப்புத் தொட்டி கீசர், எல்இடி பல்பு போன்றவற்றுக்கு இது கட்டாயம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியிலிருந்துதான் கட்டாயமானது. ஃபேன் கடையில் லேபிள் இல்லாத பழைய சரக்கு இன்னும் தென்பட இதுதான் காரணம்.

கடைக்காரர் ஸ்டாரைக் காட்டுவார். நீங்கள் மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

முதலாவது, லேபிள் செல்லுபடியாகும் காலம். அளவுகோல் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாகும். ஏசிக்கு 2022 ஜூலையில் மாறியது, ஃபிரிட்ஜுக்கு 2023 ஜனவரியில். மாற்றத்துக்கு முன் 5 ஸ்டார் வாங்கிய மாடல், மாற்றத்துக்குப் பின் 4 ஸ்டாருக்கு இறங்கிவிடும். ஆடித் தள்ளுபடியில் குவியும் சரக்கில் இதை அவசியம் பார்க்க வேண்டும். பழைய கால லேபிளோடு வரும் 5 ஸ்டாருக்குப் புது 5 ஸ்டாரின் விலை கொடுக்க வேண்டிய அவசியமில்லை. விலை உண்மையிலேயே குறைவாக இருந்தால் வாங்குவதில் தவறும் இல்லை.

இரண்டாவது, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண். ஸ்டார் என்பது அந்தந்த வகைக்குள் மட்டும் போடும் ரேங்க். டைரக்ட் கூல் (ஐஸ் கட்டும் வகை) ஃபிரிட்ஜுக்கும் ஃபிராஸ்ட் ஃப்ரீ (ஐஸ் கட்டாத வகை) ஃபிரிட்ஜுக்கும் தனித்தனி அளவுகோல். பெரிய ஃபிரிட்ஜுக்கு அனுமதிக்கும் யூனிட்டும் அதிகம். ஆகவே 350 லிட்டர் 4 ஸ்டார், 190 லிட்டர் 3 ஸ்டாரைவிட அதிகக் கரண்ட் இழுக்கலாம். இரண்டு வகையை ஒப்பிட உதவுவது யூனிட் எண் மட்டுமே.

மூன்றாவது, மாடல் எண். லேபிளில் உள்ள எண்ணும் சாதனத்தின் பின்புற நேம் பிளேட்டில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிஇஇ ஸ்டார் லேபிள் என்ற செயலியில் மாடலைத் தேடினால் பதிவு செய்த யூனிட்டும் ஸ்டாரும் வரும். வராவிட்டால் அந்தப் பீஸை விட்டுவிடுங்கள். வாங்கியபின் தெரியவந்தால் லேபிளையும் நேம் பிளேட்டையும் படம் எடுத்து, மாடல் எண் போட்ட பில்லோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பில்லில் வெறுமனே 'ஃபிரிட்ஜ் 1' என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள், மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

முதல் காசு ஃபேனுக்கு

ஏசி விளம்பரம்தான் கண்ணில் படும். ஆனால் இந்த மாவட்டங்களில் பெரும்பாலான வீடுகளில் மிக நீண்ட நேரம் ஓடுவது சீலிங் ஃபேன். சாதா 1200 மில்லிமீட்டர் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் சிக்கன மோட்டார் ஃபேன்) 30 வாட்டை ஒட்டி. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் வித்தியாசம். மூன்று ஃபேனுக்கு 110 யூனிட்டைத் தாண்டும். 250 யூனிட் லேபிள் ஃபிரிட்ஜை 150 யூனிட் ஃபிரிட்ஜாக மாற்றினால்கூட இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்தான் மிச்சம். இருபதாயிரம் ரூபாய் கொடுத்து நன்றாக ஓடும் ஃபிரிட்ஜை மாற்றுவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள்.

ஃபேன் லேபிளில் சர்வீஸ் வேல்யூ என்று ஓர் எண் இருக்கும். ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்றை, கன மீட்டரில், வாட்டால் வகுத்தது அது. 210 கன மீட்டர் காற்றை 35 வாட்டில் தந்தால் 6. காற்றைக் குறைத்து வாட்டையும் குறைத்தால் இந்த எண் அழகாகத்தான் வரும், மே மாத இரவில் வியர்வை மட்டும் நிற்காது. எனவே சர்வீஸ் வேல்யூவோடு காற்றின் அளவையும் பெட்டியில் பாருங்கள். 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 210-க்குக் குறைந்தால் வேண்டாம். ரெக்கை கூரையிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இன்னும் கொஞ்சம் இறக்கினால் கூரைச் சூட்டை அப்படியே கீழே தள்ளுவது குறையும்.

பிஎல்டிசி மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவது. இந்த ஃபேனின் வேகத்தை உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு கட்டுப்படுத்துகிறது. ரெகுலேட்டர் வழியாகக் குறைந்த வோல்டேஜ் போனால் போர்டு திணறும், சில மாதத்தில் போய்விடும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரைக் கழற்றி சுவிட்சிலிருந்து நேராக வயர் கொடுக்கச் சொல்லுங்கள். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைப்பது நல்லது, இந்த ஃபேன்களில் முதலில் போவது மோட்டார் கிடையாது, போர்டுதான். வாங்கும்போது வாரன்டி போர்டுக்கும் சேர்த்தா, ஓசூரிலோ தருமபுரியிலோ சர்வீஸ் சென்டர் உண்டா என்று கேளுங்கள். ரிமோட் தொலைந்தால் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து வேகம் மாற்றும் வசதி இருக்கிறதா என்பதும் முக்கியம். இன்வெர்ட்டர் பேட்டரி உள்ள வீட்டுக்கு இன்னொரு லாபம்: 225 வாட்டில் ஓடிய மூன்று ஃபேன் 90 வாட்டில் ஓடுவதால் கரண்ட் போனபின் பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும்.

அரசு கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டரை மின்சாரச் சிக்கனத்துக்காக மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மிக்சி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடும். விட்டுவிடுங்கள். குண்டு பல்பும் சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் மிச்சம் இருந்தால் அவற்றை எல்இடிக்கு மாற்றுங்கள்: 9 வாட் பல்பு, 20 வாட் டியூப் போதும்.

ஃபிரிட்ஜ்

நாலு பேர் வீட்டுக்கு 190 முதல் 250 லிட்டர் போதும். டைரக்ட் கூல் கொஞ்சம் குறைவாக இழுக்கும், ஆனால் ஐஸ் கட்டும். ஐஸ் அரை சென்டிமீட்டர் தடித்ததும் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கத்தியால் சுரண்டி ஓட்டை போட்டால் கேஸ் போய்விடும், பிறகு அந்த ஃபிரிட்ஜ் பழைய யூனிட்டுக்குத் திரும்புவது அபூர்வம். காரணம், இப்போதைய ஃபிரிட்ஜ்களில் குளிரூட்டும் ஆர்600ஏ கேஸ் சில பத்து கிராம்தான் இருக்கும். அளவு நேம் பிளேட்டில் கிராமில் அச்சாகியிருக்கும். தராசில் எடை போட்டு நிரப்பாமல் 'குளிர் வருகிறதே, போதும்' என்று அனுமானமாக நிரப்பினால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். கேஸ் நிரப்ப வருபவரிடம் தராசு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்தக் கேஸ் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

பின்பக்கமும் பக்கவாட்டிலும் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. முதலில் வெந்நீரும் சோப்பும் வைத்துத் துடைத்துப் பாருங்கள், அழுக்கினாலும் ஒட்டாது. சரியாகாவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

ஏசி: எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து

ஏசி லேபிளில் உள்ள யூனிட் 1600 மணி நேரத்துக்கான கணக்கு. அதாவது ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 200 நாள். சென்னைக்கு அது பொருந்தலாம். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ மார்ச் நடுவிலிருந்து மே இறுதிவரை இரவில் மட்டும் போடும் வீட்டுக்கு 600 மணி நேரம்தான் வரும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இன்னும் குறைவு.

கணக்கை இப்படிப் போடுங்கள்: 3 ஸ்டாரின் யூனிட்டிலிருந்து 5 ஸ்டாரின் யூனிட்டைக் கழித்து, உங்கள் மணி நேரத்தால் பெருக்கி, 1600-ஆல் வகுங்கள். ஒன்றரை டன் ஏசியில் லேபிள் வித்தியாசம் 200 யூனிட் என்றால், 600 மணி நேர வீட்டுக்கு 75 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலும் வருடத்துக்கு 600 ரூபாய். 5 ஸ்டாருக்கு எட்டாயிரம் ரூபாய் கூடக் கேட்டால் அந்தப் பணம் திரும்ப 13 வருடம் ஆகும். இரவு மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்கு 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியே (தேவைக்கேற்ப கம்ப்ரஸர் வேகத்தை மாற்றும் ஏசி) போதும் என்பது எங்கள் கருத்து. பகலிலும் ஏசி ஓடும் கிளினிக், கடை என்றால் 5 ஸ்டார்தான் சரி.

மாட்டுவதில் கோட்டைவிட்டால் எந்த ஸ்டாரும் காப்பாற்றாது. செம்புக் குழாயைச் சேர்த்தபின் வேக்யூம் பம்ப் போட்டு 15 முதல் 20 நிமிடம் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். வெறும் கேஸை விட்டுக் காற்றை வெளியே தள்ளிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள் பலர், முதல் சீசனிலேயே கூலிங் குறைய அது ஒரு காரணம். வெளி யூனிட் மொட்டை மாடி வெயிலில் இருந்தால் மேலே நிழல் கட்டலாம், ஆனால் காற்று வெளியேறும் முன்பக்கத்தை அடைக்கக் கூடாது. கிரானைட் பட்டறை, குவாரி, நெடுஞ்சாலை பக்கத்து வீடுகளில் வெளி யூனிட்டின் தகடுகளில் வெள்ளைத் தூசி மாவுபோல் அப்பும். அங்கே வருட சர்வீஸ் போதாது, கோடைக்கு முன்னும் நடுவிலும் மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். உள் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதைக் குறைக்காதீர்கள். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகப் போட்டால் தூக்கத்துக்குக் குறை வராது, டிகிரிக்கு ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம்.

கீசரும் உப்புத் தண்ணீரும்

கீசரின் ஸ்டார் எதைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. தண்ணீரைச் சூடாக்கும் காயில் எல்லாக் கீசரிலும் ஒன்றுபோலத்தான் வேலை செய்யும், இழுக்கும் கரண்ட் முழுதும் சூடாகிவிடும். ஸ்டார் காட்டுவது, சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா இருக்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு கசிகிறது என்பதை. குளிப்பதற்கு 15 நிமிடம் முன் போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பில்லில் வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க சுவிட்ச் போட்டே இருக்கும் வீட்டுக்கு 5 ஸ்டார் வாங்குங்கள், அதைவிட நல்லது சுவிட்சை அணைக்கப் பழகுவது.

ஒரு 20 லிட்டர் வாளித் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.42 யூனிட் ஆகும். நாலு பேர் தினமும் குளித்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். எந்த ஸ்டாரும் இதைக் குறைக்காது. ஓசூர், தளி பக்கம் சொந்த மாடி இருந்தால் சோலார் வாட்டர் ஹீட்டர்தான் இந்த 100 யூனிட்டில் பெரும் பகுதியைக் கழிக்கும்.

நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. காயில் மேல் வெள்ளை உப்பு படியும். இதனால் பில் ஏறுவதைவிட காயில் எரிந்துபோவதுதான் அதிகம்: உப்பு மூடிய காயிலின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயிலையே சுடும். சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியில் வைக்காமல் 60-க்கு இறக்குங்கள், அதிகச் சூட்டில்தான் உப்பு வேகமாகப் படியும். வருடத்துக்கு ஒருமுறை எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள ட்ரிப் சுவிட்ச்) அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து எலக்ட்ரீஷியனை வைத்துக் காயிலைக் கழற்றுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, காயிலின் சூடாகும் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் உப்பு உதிரும். வயர் மாட்டும் முனை நனையக் கூடாது. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் மெக்னீசியம் ஆனோடு கம்பி கூடவே இருக்கும், அது பென்சில் தடிமனுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து அரிப்பது தொட்டியை. ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர் கிடைக்கும் வீட்டில் கீசர் லைனை அந்தத் தொட்டியிலிருந்து எடுக்க முடிந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

போர்வெல் மோட்டார்

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 300 அடி, அதாவது 90 மீட்டர் தூக்கத் தேவையான வேலை கால் யூனிட். சின்ன சப்மெர்சிபிள் மோட்டாரும் பம்பும் சேர்ந்து 30 சதவீதத் திறனில் ஓடினால் 0.8 யூனிட் ஆகும். உங்கள் மோட்டாரை அளக்க, ஆயிரம் லிட்டர் டேங்கைக் காலியாக்கி, வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்து, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு நிரப்புங்கள். தண்ணீர் மட்டம் 300 அடியை ஒட்டி இருந்தும் ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் போனால் கோளாறு உண்டு. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் மணலால் தேய்ந்திருக்கலாம், குழாய் இணைப்பு உள்ளே ஒழுகலாம், வால்வு பிடிக்காமல் தண்ணீர் திரும்ப இறங்கலாம். வீட்டுக்குத் தேவையானதைவிட அதிக ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு) உள்ள பம்ப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

புதிதாக வாங்கும்போது ஹெச்பியை மட்டும் சொல்லாதீர்கள். கோடையில் தண்ணீர் நிற்கும் ஆழம், அதோடு டேங்க் உயரம், இரண்டையும் கூட்டிச் சொல்லுங்கள். நேம் பிளேட்டில் ஹெட் ரேஞ்ச் (தண்ணீரைத் தூக்கும் உயர வரம்பு) என்று இரண்டு எண் இருக்கும், உங்கள் எண் அதன் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஸ்டார் லேபிள் ஒட்டிய பம்பும் அந்தத் திறனைத் தராது. மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமமானால் மோட்டாரைக் காலையில் போடுங்கள்: குறைந்த வோல்டேஜில் ஆம்பியர் ஏறி வைண்டிங் சூடாகும், ரீவைண்டிங் செய்த மோட்டார் முன்பைவிடக் கூடுதலாக இழுப்பதும் உண்டு.

டிவியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லேபிளில் யூனிட்டைப் பார்த்து, கடையில் பளபளவென்று வைத்திருக்கும் வெளிச்சத்தை வீட்டுக்கு வந்ததும் பாதியாகக் குறையுங்கள். செட்டாப் பாக்ஸை மட்டும் ரிமோட்டில் அணைத்தால் போதாது. 10 வாட் இழுக்கும் பாக்ஸ் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் சும்மா ஓடினால் இரண்டு மாதத்தில் 12 யூனிட். சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள்.